பர்கர் வம்ச வரலாறு

சர்நேம் இல்லாத மனுஷனும் வாலில்லாத பட்டமும் அமெரிக்காவில் பறக்க முடியாது. பிளெய்ன்ஸ்பரோ கிட்டுசாமிக்கு இது பாஸ்போர்ட் எடுத்த அன்றே தெரியும். அப்பா பேரைப் போட்டிருக்கலாம். ஆனால் கண்ட கண்ட கவுன்ட்டரில் "முனிரத்தினம், இங்கே வா" என்று அப்பாவையல்லவா கூப்பிடுவான்? மனசு கேட்கவில்லை. ஊர்ப்பேரைப் போட்டார். கிருஷ்ணகிரிப் பக்கம் பர்கூர்.

கிரீன் கார்டு வந்தபோது பர்கூர், பர்கர் ஆகியிருந்தது. முட்டைகூடத் தொடாத குடும்பம்.

"விடுங்க. ஃபிரைஸும் சேர்த்து அடிக்காம விட்டாங்களே," என்றாள் மனைவி கண்மணி.

விட்டார். ஐந்து வருஷம் கழித்துக் குடியுரிமைக்கு அப்ளை பண்ணினார். வந்து இறங்கிய நாளிலிருந்து கணக்கு வைத்தால் பதினேழு வருஷக் காத்திருப்பு. இன்டர்வியூவில் அதிகாரி ஷ்னைடர் அம்மையார் பாஸ்போர்ட்டையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதில் எது உங்கள் பெயர்?"

"பர்கூர், மேடம். கார்டுல இருக்கறது தப்பு."

"இந்த அலுவலகம் தப்பு செய்வதில்லை. திருத்தம் மட்டுமே செய்யும்."

"அப்ப திருத்துங்க."

"தப்பு இருந்தால்தானே திருத்த முடியும்?"

அம்மையார் கம்ப்யூட்டரைத் தட்டினார். பர்கூர் என்று ஒரு குடும்பப் பெயரே அதில் இல்லை. பர்கர் இருந்தது, பழைய ஜெர்மன் பெயர்.

"இதன் தோற்றத்தையும் வரலாற்றையும் எழுதி முப்பது நாளில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஃபைல் நகராது."

"ஷ்னைடர்னா ஜெர்மன்ல தையல்காரராமே. உங்களுக்குத் தைக்கத் தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"அதே மாதிரிதான் நானும்."

"நான் விண்ணப்பிக்கவில்லையே," என்றார் அம்மையார்.

தலைவிதியே என்று கிட்டுசாமி எழுத உட்கார்ந்தார். மகள் ரோஷினி லேப்டாப்பில் தேடிக் கொடுத்தாள். மூன்று பக்கம் வந்தது. பர்கர் என்பது தின்கிற பண்டமல்ல, கோட்டை மதிலுக்குள் குடியிருக்க உரிமை பெற்றவனின் பெயர், சுருங்கச் சொன்னால் குடிமகன், எங்கள் வம்சமும் அதுவே.

"நம்ம ஊர்ல குடிமகன்னா ஒயின்ஷாப் வாசல்ல கிடக்கறவன்," என்றாள் கண்மணி.

கிட்டுசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று பக்கத்தில் ஒரு இடத்திலும் முனிரத்தினம் இல்லை. அது அவருக்கு வலித்தது.

பதில் வந்தது. "தங்கள் விளக்கம் முழுமையாக ஏற்கப்பட்டது. தாங்கள் பரம்பரையாகக் குடிமகன் என்பதைத் தாங்களே நிரூபித்துள்ளீர்கள். ஏற்கெனவே குடிமகனாக உள்ளவருக்குக் குடியுரிமை வழங்க விதியில் இடமில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது."

அன்று சாயங்காலமே தமிழ்ச் சங்கத்து ஜெயபிரகாஷ் போன் பண்ணினார். வம்சம் தேடுவது அப்போது சங்கத்தில் புது ஃபேஷன். அவரும் எச்சிலைக் குப்பியில் துப்பி டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தார். தொண்ணூற்றொன்பது சதவீதம் தென்னிந்தியர் என்று வந்ததில் அவருக்கு ஏக வருத்தம்.

"கிட்டு, ஜெர்மன் வம்சமாமே, சொல்லவேயில்லை. கண்மணி சொல்லித்தான் தெரியும். உன் விளக்கத்தை ஏத்துக்கிட்டாங்களா?"

"முழுசா ஏத்துக்கிட்டாங்க."

"அந்த மூணு பக்கத்தை அனுப்பேன். நம்மாளுங்க பதினோரு பேரு பர்கர்னு பேரை மாத்தறோம். எல்லாருக்கும் குடியுரிமை மனு இருக்கு."

கிட்டுசாமி அனுப்பிவைத்தார். மனு முடிந்த கதையைப் பற்றி மூச்சு விடவில்லை. தானும் கோர்ட்டுக்குப் போய்ப் பேரை மாற்றிக்கொண்டு, புது ஃபாரம் வாங்கி, சர்நேம் கட்டத்தில் அப்பா பேரை எழுதினார்.

சில மாதம் கழித்து அதே ஆபீஸில் "மிஸ்டர் பர்கர்" என்று ஷ்னைடர் அம்மையார் குரல் கொடுத்தார். பதினோரு பேர் எழுந்தார்கள். கிட்டுசாமி எழவில்லை. அப்பாவைக் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.