தாளமில்லாத ஞாயிற்றுக்கிழமை

"இன்னைக்கு இந்த ஹாலுக்குள்ள ஒரு ஈ பறந்தாலும் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

இப்படி ஒரு பிரகடனத்தோடு ஞாயிற்றுக்கிழமையைத் தொடங்கி வைத்தான் மெக்கானிக். யார் வீட்டு வாஷிங் மெஷின் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். திறந்துகூடப் பார்க்க மாட்டான். ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டு, "பெல்ட் தளர்ந்துடுச்சு", "பேரிங் போச்சு" என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட காது. சொந்த வீட்டு மெஷின் விஷயத்தில் மட்டும் அது செவிட்டுக் காது. மெஷின் கத்தியது. அதைவிட அதிகமாக அவன் மனைவி கத்தினாள்.

"ஏங்க, கைக்குழந்தை இருக்கிற வீடு. துணி மலையா குவிஞ்சு கிடக்கு. அந்த மெஷினைக் கொஞ்சம் பாருங்களேன்."

"வாரம் பூரா ஊரான் அழுக்குத் துணிக்கு நடுவுல கிடக்கிறேன். ஒரு நாளாவது ரசிகனா இருக்கக் கூடாதா?"

அவன் சொன்ன ரசனை என்பது மருந்துக்கடைக்காரர் இரவல் கொடுத்த இசைத்தட்டு. நாலு பேர் கூடி உட்கார்ந்து, என்ன வாசிப்பது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமலே, அந்தந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பார்களாம். ஒருத்தர் சாக்ஸபோனை ஊதாமல் அதற்குள் மூச்சு மட்டும் விடுவாராம். இன்னொருத்தர் வயலின் வில்லால் தகரத்தைத் தேய்ப்பாராம்.

"பாட்டு எப்பங்க வரும்?"

"பாட்டே வராது!"

"தாளமாவது வருமா?"

"தாளம்ங்கிறதே அடிமைத்தனம். அதை உதறினாத்தான் சுதந்திரம்!"

"தாளமே இல்லாட்டி நாங்க எப்படிங்க தாள முடியும்?"

மெக்கானிக்கின் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஞானசூனியம்! ஆரம்பத்துல கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேட்காது. அந்த மௌனமும் வாசிப்புதான். நாங்க கண்ணை மூடிக் கேட்கப் போறோம். நடுவுல வந்து 'ஏங்க'ன்னே, நடக்கிறதே வேற!"

"சரிங்க. நான் வாயே திறக்கல."

இவ்வளவு பணிவாக அவள் பேசியபோதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் வந்தார். இருவரும் நாற்காலியில் சாய்ந்தார்கள். தட்டைச் சுழலவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சுவரில் இருந்தது இரண்டே பிளக். ஒன்றில் தட்டுச் சுழலும் பெட்டி, மற்றதில் ஸ்பீக்கர். மனைவி பூனை மாதிரி வந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். திரைக்குப் பின்னால் துணியும் சோப்புத்தூளுமாகத் தயாராக நின்ற மெஷினின் வயரை அங்கே செருகினாள். பாட்டே இல்லாத தட்டு அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னா மௌனம் சார்!" என்று உருகினார் மருந்துக்கடைக்காரர்.

"சளக்... சளக்..."

"தண்ணியை வச்சு வாசிக்கிறான் பாருங்க. துணிச்சல்காரன்!"

"கர்ர்ர்... கிறீச்... கடகடகட..."

"ஐயோ, இரும்பு அழுவுது சார்!"

"வெறும் அழுகையா இது? கோபம்! உலகத்து மேல உள்ள கோபம்!"

ஹாலே அதிர்ந்தது. தட்டு முடிந்து ஊசி சும்மா தேய்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. மெக்கானிக்கின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"பீப்... பீப்... பீப்..."

"முடிச்சான் பாருங்க, அதான் மேதை!" என்று கைதட்டிக்கொண்டே கண்ணைத் திறந்தான். எதிரே மனைவி. இடுப்பில் கூடை. கூடை நிறையக் குழந்தையின் ஈரத் துணி.

"கச்சேரி முடிஞ்சுதுங்க. இனிமே காயப்போடணும்."

மெக்கானிக் பிளக்கைப் பார்த்தான். வயரைப் பார்த்தான். வயர் போன திக்கைப் பார்த்தான். குதித்தான்.

"மோசடி! பச்சை மோசடி! ஒரு ரசிகனை அவன் வீட்டுக்குள்ளயே ஏமாத்துறதா?"

"காது குளிரக் கேட்டீங்கல்ல? என்ன போச்சு, பெல்ட்டா பேரிங்கா? கையோட மாத்திடுங்க."

'பேரிங்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால், பேரிங் போன சத்தத்துக்குக் கண்ணீர் விட்ட மெக்கானிக் என்று கடைத்தெருவே சிரிக்கும். மருந்துக்கடைக்காரரைப் பார்த்தான். அவர் முகத்திலும் அதே பீதி.

"ஒண்ணும் போகல! அது இசையேதான்! அதுல ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரையும் தொட விடமாட்டேன்!"

"தொட்டா பாவம் சார்!" என்றபடி மருந்துக்கடைக்காரர் செருப்பைத் தேடினார். போயே போய்விட்டார்.

"அப்ப இசைக்கருவிக்குள்ள அழுக்குத் துணியைப் போடுறது தப்பாச்சேங்க?" ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"பெரிய தப்பு!" என்று கர்ஜித்தான். கர்ஜித்த பிறகுதான், தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

மிச்ச மூட்டையும் வாளியும் சோப்பும் அவன் கைக்கு வந்து சேர்ந்தன. குளியலறையில் உட்கார்ந்து, இருந்த ஆத்திரத்தையெல்லாம் ஒரு போர்வை மீது காட்டினான்.

தப்... தப்... தப்... தப்...

ஹாலில் குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

"ஏங்க," என்று குரல் வந்தது, "தாளம் வருது!"