கோமதிசங்கர் மாலையைக் கழற்றவில்லை

மாலையைக் கழற்றத் தலையைக் குனியச் சொன்னார் குருசாமி. கோமதிசங்கர் குனியவில்லை.

"தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடக்கலாம்னு இருக்கேன் சாமி. அதுவரைக்கும் கழுத்துலயே கெடக்கட்டும்."

சபரிமலையிலிருந்து கூடவே திரும்பியிருந்த சாமிமார் சரணம் சொன்னார்கள். அவன் மனைவி ஜெயசித்ரா கதவோரம் நின்றிருந்தாள். அன்றைக்கென்று தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். உள்ளே போய், இனி வேண்டாம் என்று காலையில் சுருட்டி வைத்த அவன் பாயைக் கொண்டுவந்து மறுபடியும் கூடத்தில் போட்டாள்.

இதில் பக்தி எங்கேயும் இல்லை. தாலுகா ஆபீஸில் வேலை, நாற்பத்து நான்கு வயது, மூன்று வருஷமாகச் சுகர். போன ஐப்பசியில் ஒருநாள், மனசு மனைவியிடம் ஓடியது, உடம்பு மட்டும் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. களைப்பு என்று சொல்லிச் சமாளித்தான். அடுத்த முறையும் அப்படியே ஆனது. அப்புறம் அவள் கையைத் தொடவே பயமாகிவிட்டது. நல்லவேளை, கார்த்திகை பிறந்தது. மாலை போட்டுவிட்டால் தனிப்பாய். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஒருவரும் கேட்கவில்லைதான். ஆனால் உள்ளே அவள் புரண்டு படுக்கும்போது வரும் வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் கிடப்பது, அவன் நினைத்த மாதிரி லேசாக இல்லை.

தைப்பூசத்துக்குள் சரிசெய்துவிடலாம் என்று, புளியங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் விற்ற லேகியத்தை வாங்கித் தின்றான். சரியானது எதுவுமில்லை, வயிறுதான் கலங்கியது. இரண்டு நாள் வெறும் கஞ்சி. கடும் உபவாசம் என்று தெருவே பேசியது. குருசாமி சங்கரலிங்கம் அண்ணாச்சி, கழுத்தில் மாலையில்லாமல் ஊர் பார்த்தறியாத மனிதர், வீடு தேடி வந்து தட்டிக்கொடுத்தார். பங்குனி உத்திரம் வரைக்கும் மாலை இருக்கட்டுமே என்றார். வேண்டாம் என்று சொல்ல அவனிடம் காரணமில்லை.

கறுப்பு வேட்டி பச்சையாகி, பச்சை காவியானது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் திருநீறு பூசப்போக, காய்ச்சல் தானாக இறங்கித் தொலைத்தது. அதன்பிறகு வாசலில் கூட்டம். ஆபீஸில் தாசில்தாரே கும்பிட்டுவிட்டுத்தான் ஃபைலைக் கேட்டார். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். ஜெயசித்ரா ஒருநாள், "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்பாள் தவசிருந்து சாமியைக் காணும் ஆடித்தபசுக்குக் கொடியேறியது. ஜெயசித்ரா தினமும் ஆபீஸ் போகிற மாதிரி கோயிலுக்குப் போய், வேண்டுதலுக்காகப் பிராகாரத்தைத் திரும்பத் திரும்ப வலம்வரும் ஆடிச்சுற்று சுற்றினாள். ஒரு சாயங்காலம் கால் வீங்கி, வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"விரதத்துல தொடக்கூடாதுல்லா."

"யாருக்காக இப்படிச் சுத்துத?"

"ஒங்களுக்காகத்தான்." அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்பாளாவது தவசு முடிஞ்சா சாமியப் பாத்துருவா. நான் எம்புட்டு நாளு சுத்தணும்? என்னைப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிருங்க."

அவன் அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஐப்பசியில் தொடங்கி லேகியம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். ஒவ்வொரு நாளும் அவள் பக்கத்தில் வந்து படுக்கத் தவித்ததையும் சொன்னான்.

ஜெயசித்ரா வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சுகருக்கு மாத்திர திங்கிய. இதுக்கு மட்டும் மலைக்குப் போனியளாக்கும்?"

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று தென்காசியில் இதற்கென்றே இருந்த டாக்டரிடம் போனார்கள். அவர் காய்ச்சலைப் பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசினார். சுகர் ஏறினால் ரத்தக்குழாயும் நரம்பும் கெடும், அதில் இதுவும் வரும், பயம் அதை இன்னும் கூட்டும் என்றார். ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் எழுதினார். இதற்கு நல்ல மாத்திரை இருக்கிறது, ஆனால் நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து, அதனால் யாரும் கடையில் தானாக வாங்கக்கூடாது என்றார். மாத்திரை கேட்காவிட்டால் ஊசி, கருவி என்று வேறு வழிகளும் உண்டாம். லேகியத்தைக் குப்பையில் போடச் சொன்னார். தினமும் இரண்டுபேரும் சேர்ந்து நடங்கள் என்று சொல்லும்போது ஜெயசித்ராவைத்தான் பார்த்தார்.

வெளியே வரும்போது அவள் விரல் அவன் விரலைக் கோத்திருந்தது.

வராந்தா பெஞ்சில் சங்கரலிங்கம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஆறுமுகத்தாய். குருசாமி சட்டென்று சுவரில் இருந்த காலண்டரை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார். கோமதிசங்கர் கையை உதறிக்கொண்டு, வயிற்றுவலி என்று என்னவோ உளறினான். ஜெயசித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆறுமுகத்தாய் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

"வெக்கப்படாம உக்காரு ஏட்டி. ஒன் வீட்டுச் சாமி ஒரு வருசத்துக்குள்ள எறங்கி வந்துட்டாரு. எங்க வீட்டுச் சாமிய மலையில இருந்து எறக்க எனக்கு இருவது வருசம் ஆயிட்டு."