சாமியானா குடோனிலிருந்து ஒரு முறையீடு

திருவண்ணாமலை

மரியாதைக்குரிய மச்சான் சமீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை ரஹமத்துன்னிசாவும் மகள் ரூக்ஸாரும் அல்லாஹ் கிருபையால் நலம். பெங்களூரில் உங்கள் வீட்டார் அனைவரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். நாங்கள் நலம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் அவர்கள் இருவரும்தான் நலம், நான் இல்லை. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இந்த வீட்டில் நான் எதைப் பேசினாலும் மறுநாள் ஊரே கேட்கிறது என்பதால், ரொம்ப காலத்துக்குப் பிறகு பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியாததல்ல. பந்தல், நாற்காலி, மேடை, மைக் செட். கல்யாணம், காதுகுத்து, பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல் எல்லாம் உண்டு என்றாலும், வீட்டில் உலை கொதிப்பது கட்சிக் கூட்டங்களால்தான். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் அதே நாற்காலிதான் போகும், உறையின் நிறம் மட்டும் மாறும். இப்படி எல்லோருக்கும் நல்லவனாகக் காலத்தை ஓட்டியவன் நான். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்த ரூக்ஸாரும், பக்கத்து வீட்டு அர்ஜுனன் மகள் இனியாவும், என் குடோனில் அடுக்கி வைத்த ஜமக்காளங்களுக்கு நடுவே உட்கார்ந்து மந்திரிகளைப் பற்றியும் வழக்குகளைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். அங்கேதான் எதிரொலி வராதாம். "என்னம்மா பேசறீங்க?" என்று கேட்டேன். "நாட்டு நடப்பு அத்தா" என்றாள். இரண்டு பெண்கள் மெனக்கெட்டு நாட்டு நடப்பு பேசினால் அது அரசுப் பரீட்சைக்காகத்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். பாடத்தைப் பேசிப் பதிவு செய்து கேட்டால் மனதில் நிற்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். அதனால் மைக்கையும் நான்தான் கொடுத்தேன், மச்சான். டீயும் வாங்கிக் கொடுத்தேன். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பரீட்சைக்கு இவ்வளவு சந்தோஷமாகப் படிக்கிற பிள்ளையைப் பெற்றோமே என்று பூரித்துப் போனேன்.

அதோடு விட்டேனா? ஒருநாள் ரூக்ஸார், "அத்தா, போன மாசக் கூட்டத்துக்கு எவ்ளோ சேர் போட்டீங்க?" என்றாள். பொது அறிவுக் கேள்வி என்று நினைத்து விலாவாரியாகச் சொன்னேன். பேப்பரில் பத்தாயிரம் பேர் என்று போட்டிருந்தார்களே, அதற்கு நான் இறக்கியது எண்ணூறு சேர். வரிசைக்கு வரிசை இடம் விட்டுப் போட்டால் மைதானம் நிறைந்த மாதிரி இருக்கும். ஆள் வராத பின்வரிசையை அடுக்கி லாரிக்குப் பின்னால் மறைத்துவிடுவோம். தலைவர் மேடை ஏறும் நேரம் பார்த்து சாம்பார் சாத வரிசையை மேடைக்கு முன்னால் திருப்பிவிடுவோம். தட்டு வைத்திருப்பவன் எப்படிக் கைதட்டுவான் என்று இனியா கேட்டாள், அதற்கும் விளக்கம் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்துத் தேரடி வீதி டீக்கடையில், "சர்க்கரை கம்மியா ஒரு டீ" என்றேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பாய், நீங்க நாற்காலி அத்தா தானே! கொரலைக் கேட்டதுமே கண்டுபிடிச்சிட்டேன்" என்று போனை எடுத்து ஓடவிட்டார். என் குரல்தான், மச்சான். சாம்பார் சாதம் வரை ஒன்றும் விடவில்லை. நடுநடுவே என் மகள் அடிக்கிற நக்கலுக்குக் கடையே சிரிக்கிறது. இதற்குப் பெயர் பாட்காஸ்டாம். ரேடியோ மாதிரிதான், ஆனால் நிறுத்தச் சொல்ல மேலே அதிகாரி யாரும் கிடையாது.

அன்றைக்கே அந்தக் கூட்டத்தைப் போட்ட கட்சியின் வட்டச் செயலாளர் வேணு என் கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனார். எதிர்க்கட்சி பிரகாஷ் மைசூர்பா வாங்கிக்கொண்டு வந்து பாப்பாவை வாழ்த்தினார். அடுத்த வாரம் பாப்பா அவர் கட்சிக் கூட்டத்தை எடுத்துக்கொண்டாள். இப்போது இரண்டு பேரும் என் கடை பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து என்னை மிரட்டுகிறார்கள். இத்தனை வருஷத்தில் இவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. வேணு சொன்னார்: "வேங்கிக்கால் மாநாட்டுப் பந்தல் உங்களுக்குத்தான்னு வெச்சிருந்தோம் பாய். பாப்பா மன்னிப்பு கேக்கலைன்னா விழுப்புரத்துக்காரனுக்குப் போயிடும்." அது போனால் மற்றவர்களும் கூப்பிட மாட்டார்கள், கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கெஞ்சிக் கூத்தாடி மன்னிப்புக் கேட்க வைத்தேன். கேட்டாள், அதே பாட்காஸ்டில். "எண்ணூறு சேர்னு சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க. அதுல முந்நூறு சேரைப் பிரிக்காமலே திருப்பி லாரில ஏத்தினாங்களாம். அத்தா அதைச் சொல்ல மறந்துட்டார்." இந்த மன்னிப்பைத்தான் ஊரில் ஜாஸ்தி பேர் கேட்டிருக்கிறார்கள்.

திட்டினேன். "நான் சொன்னதுல எது பொய்னு சொல்லுங்க அத்தா" என்றாள். சேர் போட்டவனே நான்தானே! மச்சான், தொழில் போனா போகட்டும். எவனாவது பொண்ணு மேல கல்லை விட்டெறிஞ்சா என்ன பண்றது? வாசல்ல பைக் நின்னாலே ஓடிப்போய் எட்டிப் பாக்கறேன். பயமா இருக்கு, அதைச் சொல்லக் கூச்சமில்லை. நீங்க சொன்னா கேப்பா. உடனே வந்து அழைச்சிட்டுப் போங்க. கன்னடம் மட்டுமே பேசற ஆபீஸா பார்த்து உட்கார வையுங்க.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ. எந்தக் கட்சிக்காரரும் உங்கள் வீட்டு பெஞ்சில் உட்காராமல் அல்லாஹ் காப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் வருகையை எதிர்பார்க்கும்
நூருல்லா

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் வேணு பின்வாசல் வழியாகத் தனியாக வந்தார். "பாய், பந்தல் உங்களுக்குத்தான். பாப்பாவை நிறுத்தச் சொல்லிடாதீங்க. எங்க நகரச் செயலாளர் அன்னதான அரிசியை எங்க இறக்கினாருன்னு அதுல ஒரு வார்த்தை வரணும். நான் சொன்னேன்னு மட்டும் வேணாம்" என்றார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் பிரகாஷ் போன் செய்தார். அவருக்கும் அவர் தலைவர் மேல் இதே மாதிரி ஒரு மனக்குறை. ரூக்ஸார் இருவரிடமும், "நேர்ல வந்து விவரமா சொல்லுங்கண்ணா" என்று ஒரே நேரத்தைக் கொடுத்திருக்கிறாள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. மைக்கை மறைக்காமல் நடுவில் வைக்கச் சொல்லியிருக்கிறாள், வைத்துவிட்டேன். ஆகவே நீங்கள் வர வேண்டாம். அவள் இங்கேயே இருக்கட்டும். அவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று நாலு சேர் கேட்டாள். ஐந்து போட்டிருக்கிறேன். ஐந்தாவது எனக்கு, அவள் பக்கத்தில்.