அட்டையில் நின்ற அம்மன்

தங்களுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பிள்ளைகுட்டிகளுக்காக வேண்டிக்கொள்கிறவர்களும் உண்டு. கதைப் புத்தகத்தில் வருகிற பெண்களுக்காகக் கோயிலுக்குப் போய் நெய்விளக்குப் போட்ட மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் தென்காசியில் எங்கள் தெருவில் இருந்தார். அட்டை அண்ணாச்சி.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பாத்திரக்கடையில் உட்கார்ந்தவன். என் கடைக்கு நேர் எதிரே அண்ணாச்சியின் பைண்டிங் கடை. அங்கிருந்து பார்த்தால் இடி விழுந்து பிளந்த கோபுரம் தெரியும். காலையில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பசை வாளியில் கையை விடுவார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு வழக்கம். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை மட்டும் கிழித்தெடுத்து, நூல் போட்டுக் கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் சேர்த்து வைப்பார்கள். கதை முடிந்ததும் கட்டு அண்ணாச்சியிடம் வந்துவிடும், அட்டை போட்டுப் புத்தகமாக்குவதற்கு.

மற்ற ஊர் பைண்டர் என்றால் தைப்பான், ஒட்டுவான், கொடுப்பான். அண்ணாச்சி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் ஊசியில் நூல் கோக்கமாட்டார். கேட்டால், "அந்தப் பிள்ள தலைவிதி தெரியாம எந்தச் சாமியப் போடுதது?" என்பார்.

எல்லாப் புத்தகத்துக்கும் காலண்டர் சாமி படம்தான் அட்டை. ஆனால் எந்தச் சாமி என்பதைக் கதாநாயகியின் கஷ்டம்தான் முடிவு செய்யும். மாமியார் கொடுமை என்றால் மாரியம்மன். புருஷன் கொழும்புக்குப் போய்க் கடிதம் போடாதவன் என்றால் முருகன். புத்தி சாதுரியத்தால் பிழைத்துக்கொள்கிற பெண் என்றால் பிள்ளையார். சாமியின் காலடியில் ஏதாவது ஒரு எண்ணெய்க்கடையின் பெயர் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். அதை அவர் பொருட்படுத்துவதில்லை.

ஒரே ஒரு கதாநாயகிக்கு மட்டும் அவர் சாமி கொடுக்க மறுத்துவிட்டார். அவள் சக்களத்தியைக் கிணற்றில் தள்ளினவள். சிமெண்டு மூட்டைத் தாளை ஒட்டி, "இவளுக்கு இது போதும்" என்று கொடுத்துவிட்டார். தெருவில் எல்லாப் பெண்களும் முதலில் இரவல் கேட்டது அந்தப் புத்தகத்தைத்தான்.

ஒரு தடவை அண்ணாச்சியின் சம்சாரம், எனக்கு மதினி முறை, முகம் வாடி என் கடைக்கு வந்தாள்.

"தம்பி, அந்த விசாலாட்சிங்கிற பிள்ள எப்பம் பிழைப்பா?"

"எந்த விசாலாட்சி மதினி?"

"கதையில உள்ளவதான். அவளுக்கு மார்ச்சளியாம். இவுக ரெண்டு நாளா வாயில பச்சத்தண்ணி படாம உக்காந்திருக்காக. சோறு காஞ்சு போவுது."

"அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்க மதினி."

"அடுத்த பக்கத்தக் காணலயாம்."

கடைசிப் பக்கங்களை யாரோ தொலைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? கேரள எல்லையில் இருக்கிற புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் பழைய பத்திரிகையைக் கிழித்துத்தான் வடை கட்டிக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிப் போய்விட்டார். கேரளத்துக்குப் போகிற டிரைவர்கள் வடையைக் கடிக்கக் கடிக்க, எதிரே நின்று அவர்கள் கையில் இருக்கிற தாளைப் படித்திருக்கிறார். செக்போஸ்ட்காரர்கள் சந்தேகப்பட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் எண்ணெய் ஊறிய ஒரு தாளோடு திரும்பினார். விசாலாட்சி பிழைத்துவிட்டாள். அன்றைக்கு மதினி பாயசம் வைத்தாள்.

இப்படிப்பட்ட மனிதர் எங்கள் குடும்ப விஷயத்தில் குறுக்கே வந்து நின்ற கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கச்சி உலகம்மாள் கதை என்றால் அடுப்பில் பால் பொங்குவதை மறந்துவிடுவாள். அப்பா காலமாகி, அவளைக் கரையேற்றுகிற பொறுப்பு என் தலையில் இருந்தது. கடையநல்லூர்ப் பக்கம் ஒரு நல்ல இடம் கூடிவந்து, "பிள்ள கதை படிக்குமாமே" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் கைநழுவிப் போயிற்று. அம்மா அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அடுத்து வந்தது வாசுதேவநல்லூர் இடம். மாப்பிள்ளை வீரகேரளம்புதூரில் பள்ளிக்கூட வாத்தியார். தங்கமான பையன். தகப்பனார் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் பஞ்சாங்கமும் சாமி புத்தகமும் தவிர வேறு அச்சடித்த தாள் நுழையக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கதை படிக்கிற பெண்ணும் கள் குடிக்கிற ஆணும் அவருக்கு ஒரே கேஸ். இந்த இடமும் போனால் ஊரில் வேறு பேச்சாகிவிடும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அது சாரல் காலம். ஏட்டய்யா குடும்பம் குற்றாலத்துக்குக் குளிக்க வந்திருந்தது. கோயிலில் வைத்தே பெண்ணைப் பார்த்துவிடுகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். நாங்கள் குதிரைவண்டி பிடித்துப் போய் மண்டபத்தில் காத்திருந்தோம். அருவி இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சைக்கூடக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. நான் குற்றாலநாதரை மனசுக்குள் இடைவிடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மா மடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது.

அட்டையில் எங்கள் ஊர்க் கோயிலின் உலகம்மன். உள்ளே, ஒரு வருஷம் தொடர்கதையாக வந்த கோமதியின் கதை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மகள் நித்தம் கண்ணீர் விட்டுப் படிக்கிறாள், மேலே அம்மன் இருக்கிறாள், ஆகவே இது பாராயணப் புத்தகம் என்று அவளாகவே முடிவுகட்டி, பூசை அலமாரியில் வைத்துச் சந்தனம் குங்குமம் சாத்தி, சூடம் காட்டிக்கொண்டிருந்தாள். மெய்யைச் சொல்ல எனக்கும் தங்கச்சிக்கும் நாக்கு எழும்பவில்லை.

ஏட்டய்யா வந்தார். தலையில் எண்ணெய், தோளில் ஈரத்துண்டு. கூடவே அவர் சம்சாரமும் மாப்பிள்ளையும். உட்கார்ந்ததும் அம்மா பெருமையாகப் புத்தகத்தை நீட்டிவிட்டாள்.

"எம் மக நித்தம் இதப் படிக்காம சாப்பிட மாட்டாய்யா."

ஏட்டய்யா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திறந்தார். கண்ணைச் சுருக்கினார்.

"கண்ணாடிய தங்கியிருக்க வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். நீயே ஒரு பாகம் வாசிம்மா, கேப்போம்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் சந்நிதியைப் பார்த்தேன். அவள் புத்தகத்தை விரித்து, குரல் நடுங்க வாசித்தாள். வீண்பழி சுமத்தப்பட்ட கோமதி, காய்ச்சலில் கிடக்கிற கைக்குழந்தையோடு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, பூட்டின கோயில் வாசலில் நின்று அம்மனைக் கூப்பிடுகிற இடம். நல்ல வேளை, அந்தப் பக்கம் முழுக்க அம்மன் பெயர்தான்.

ஏட்டய்யா துண்டால் கண்ணைத் துடைத்தார். "எந்தக் காலத்துப் பத்தினியோ. பெறவு என்ன செஞ்சா? புருஷங்காரன் காலுல விழுந்தாளா?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு, எழுத்தில் இருப்பதை வாசிக்கிற மாதிரியே சொன்னாள். "விழுந்தாள். 'என் குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று காலைப் பற்றிக் கதறினாள்."

"அதாம் பொம்பளைக்கு அழகு" என்றார் ஏட்டய்யா. சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்து, பெண் பிடித்திருக்கிறது என்கிற மாதிரித் தலையசைத்தார். எனக்கு மூச்சு வந்தது.

"பொய்."

தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தச் சத்தம். ஈர வேட்டி சொட்டச் சொட்ட அட்டை அண்ணாச்சி நின்றிருந்தார். சாரல் காலத்தில் பசை காயாது. ஆகையால் அந்த மாதங்களில் கடையைச் சாத்திவிட்டு அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு குற்றாலமே கதியென்று கிடப்பார். அது எனக்கு எப்படி மறந்துபோயிற்றோ.

"தாயி, நீ வாசிச்சது அதுல இல்ல. அவ விழல" என்றார்.

நான் எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்தேன். "அண்ணாச்சி, பைய வாங்க. அங்கன போயிப் பேசுவோம்."

"நீ சும்மா இருடே. அவளுக்குன்னு பேச யாரு இருக்கா?"

ஏட்டய்யா பழைய போலீஸ் குரலில் கேட்டார். "யாருவே நீரு?"

"அட்டை போடுதவன். இந்தப் புஸ்தகத்தத் தச்சது நான்தான். கோமதி பேருல ஒரு குத்தமும் கிடையாது. 'தப்பு செய்யாதவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்'னு நிமுந்து நின்னு கேட்டவ அவ. அவளப் போயி காலுல விழுந்தான்னு சொன்னா அடுக்குமா?"

"தச்சீரா? அப்பம் இது என்ன புஸ்தகம்?"

"கதை."

"கதையா?"

"தொடர்கதை. பத்திரிகையில வந்தது."

அம்மா மெல்லிய குரலில், "நாஞ் சூடம்லா காட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

ஏட்டய்யாவின் முகம் கறுத்தது. புத்தகத்தை விரல் நுனியால் தூக்கினார். "அம்மன் படத்த மேல ஒட்டி ஊர ஏமாத்துதீராவே?"

அண்ணாச்சி கைகூப்பினார். தலையிலிருந்து வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை. "ஏமாத்த இல்லய்யா. கைப்பிள்ளையோட வெளிய நிக்கா. கதவப் பூட்டிட்டான். ஏன்னு கேக்க நாதி இல்ல. நீங்களோ நானோ புஸ்தகத்துக்குள்ள போயி அவளுக்குத் துணைக்கு நிக்க முடியுமா? அதான் அம்மன நிறுத்தி வச்சேன்."

தங்கச்சி கண்ணிலிருந்து நீர் வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது. ஏட்டய்யா புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"எந்திரிங்க, போவோம்."

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி எழுந்தார். இதுவும் போயிற்று, குற்றாலநாதா, இதுவும் போயிற்று என்று நின்றேன்.

ஏட்டய்யாவின் சம்சாரம் மட்டும் எழுந்திருக்கவில்லை. அதுவரை அந்த அம்மாள் வாயே திறந்ததில்லை. சப்பணம் போட்ட கால் போட்டபடி இருக்க, தங்கச்சியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா இல்லையா?"

"எந்திரிங்கேன்லா" என்றார் ஏட்டய்யா.

"இருங்க. காய்ச்சப் பிள்ளைய வாசல்ல போட்டுட்டு எப்படி எந்திரிக்க? நீ வாசிட்டி. அதுல உள்ளபடி வாசி."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. கோமதி நிமிர்ந்து நின்று கேட்கிற கேள்விகளை, அருவி இரைச்சலையும் மீறிக் கணீரென்று வாசித்தாள். அண்ணாச்சி தூணில் சாய்ந்து, சந்நிதியில் நிற்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார். ஏட்டய்யா எங்களுக்கு முதுகைக் காட்டி அருவிப் பக்கம் பார்த்து நின்றார். ஆனால் ஒரு எட்டுக்கூட நகரவில்லை.

அத்தியாயம் முடிந்தது. தங்கச்சி புத்தகத்தை மூடினாள்.

முதுகைத் திருப்பாமலே ஏட்டய்யா கேட்டார். "அந்தப் பய பெறவு வந்து கூப்பிட்டானா?"

தங்கச்சி வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "அத முன்னாலயே சொல்லக்கூடாதுய்யா. முறையா வாசிச்சுக் கேக்கணும்."

ஏட்டய்யாவின் சம்சாரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். "எனக்கு எழுத்துத் தெரியாது தாயி. எங்க வீட்டுக்கு வந்தா மத்தியானம் சாப்பிட்டுட்டு எனக்கு இதே மாதிரி வாசிச்சுச் சொல்லுவியா?"

தங்கச்சி தலையை ஆட்டினாள்.

"அவுகளுக்கும் கேக்கும்படியா வாசிக்கணும். காது கொஞ்சம் மந்தம்" என்று முதுகைக் காட்டி நின்றவரைக் கண்ணால் காட்டினாள்.

"எனக்கெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்றார் ஏட்டய்யா.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அம்மா கவலையோடு அண்ணாச்சியிடம் போய், "அதுக்கு இனிமே சூடம் காட்டலாமா, கூடாதா?" என்று கேட்டாள். "தாராளமாக் காட்டுங்க ஆச்சி, கோமதிக்கு நல்லது" என்று சொல்லிவிட்டார். தங்கச்சி வாசுதேவநல்லூர் போனபின், தினம் காலையில் கடை திறந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார்: "நம்ம பிள்ள எப்படி இருக்கா?" நான், நன்றாக இருக்கிறாள் என்பேன். மாமியார் எப்படி, மாமனார் எப்படி என்று ஒன்று விடாமல் கேட்டுத் தீர்த்துவிட்டுத்தான் பசை வாளியைத் தொடுவார்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் ஆகின்றன. ஆவணியில் தங்கச்சி கல்யாண நாள் வந்தால், நான் உலகம்மன் சந்நிதியில் அவள் குடும்பத்துக்கு அர்ச்சனை செய்வேன். அது முடிந்ததும் இன்னொரு தேங்காயை நீட்டுவேன். பட்டர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். இரண்டும் எனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் கேட்டுவைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"அட்டை அண்ணாச்சின்னு சொல்லுங்க சாமி. அம்மனுக்கு ஆள் தெரியும்" என்பேன்.