மாஸ்டர் வண்டிக்கு இழுவை போதாது

மேட்டின் பாதியில் வண்டி மறுபடியும் உயிரை விட்டது.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், பக்கத்து சீட்டிலிருந்து.

"ஆக்ஸிலரேட்டரை நல்லா மிதிக்கச் சொன்னீங்க," என்றார் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பல் டாக்டர்.

"மிதிச்சீங்களா?"

"தரை வரைக்கும் மிதிச்சேன், மாஸ்டர்."

மிதித்ததை மாஸ்டரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதனால் திட்டுவதற்கு வழியில்லை. திட்ட வழியில்லாத கோபம் திட்டித் தீர்க்கிற கோபத்தைவிடப் பொல்லாதது. பல்லை நறநறவென்று கடித்தார்.

"இப்படிக் கடிச்சா கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு போயிரும்," என்றார் டாக்டர் மெதுவாக.

"நீங்க மேட்டைப் பாருங்க டாக்டரம்மா. என் வாயைப் பார்க்க வேண்டாம்."

ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிற அந்த அம்மாள், இந்த வண்டியில் ஏறியதும் தன் வாயை மூடிக்கொள்வார். முதல் நாளே மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: இங்கே பேசுகிற ஆள் ஒருவர்தான், குறுக்கே கேள்வி கேட்டால் நடுரோட்டில் இறக்கிவிட்டுவிடுவேன் என்று.

பின்னால் ஹாரன் சத்தம். மாஸ்டரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எதிர்ச்சாரியில் டிரைவிங் ஸ்கூல் திறந்திருப்பவன், தன் புது வண்டியில் ஒரு பையனை ஓட்டவிட்டு நோகாமல் மேடேறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்ததும் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன அத்தான், தள்ளிவிடணுமா?"

"கண்ணாடியை ஏத்துங்க," என்றார் மாஸ்டர் டாக்டரிடம். கழுத்து நரம்பு புடைத்தது.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதும் மச்சான் வந்துவிட்டான். மாஸ்டரிடம் படிக்கிறவர்கள் வரிசையாக மேட்டில் கோட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்களே, பேசாமல் ஸ்கூலை மூடிவிட்டு என்னிடம் மாஸ்டராக வந்துவிடுங்கள், ஏசி வண்டி, மாதச் சம்பளம் என்று தேன் தடவிப் பேசினான். மனைவி தம்பியைத் தடுக்கவில்லை. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். அதுதான் மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

"இந்த டாக்டரம்மா டெஸ்ட்டுல மேடேறிப் பாஸாகலைன்னா, நானே போர்டைக் கழட்டி உன் கையில குடுத்துட்டு, மறுநாளே உன்கிட்ட வேலைக்கு வரேன்," என்றார்.

"பேச்சு மாறக் கூடாது அத்தான்."

கோபத்தில் விட்ட வார்த்தை. மனைவி எதிரிலேயே விட்டதால் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் மெக்கானிக் பட்டறைக்குப் போய்விட்டார்.

மெக்கானிக் வண்டியைத் தனியாக மேட்டில் ஓட்டிவிட்டு வந்து, ஒரு குறையும் இல்லை என்றான். மாஸ்டர் தனியாக ஓட்டினாலும் ஏறத்தான் செய்தது. கற்றுக்கொள்கிற ஆளும் தானுமாக இரண்டு பேர் ஏறினால்தான் படுத்துக்கொள்கிறது. ஆக, ஆள் பாரத்தை இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை என்று மாஸ்டரே தீர்ப்புச் சொன்னார்.

"மச்சான் வண்டியில இருக்கிற மாதிரி டர்போ மாட்டிடு."

"அதை வாங்கணும்னா இந்த வண்டியை விக்கணும். அப்புறம் டர்போவை எதுல மாட்டுவீங்க?"

பிறகு அவன் பொறுமையாக விளக்கினான். மச்சான் வண்டியில் காற்றை ஊதி உள்ளே தள்ள ஆள் இருக்கிறது. மாஸ்டர் எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுக்கிற ரகம். இருக்கிற காசுக்கு மூக்கைப் பெரிதாக்கலாம், பின்பக்க அடைப்பை எடுக்கலாம், உடம்பை இளைக்க வைக்கலாம். மாஸ்டர் மூன்றையும் செய்யச் சொன்னார்.

முதலில் மூக்கு. பெரிய ஏர் ஃபில்டர் போட்டு, குளிர்ந்த காற்று வரட்டும் என்று பம்பருக்குக் கீழே குழாயை இறக்கினார்கள். மறுநாள் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து தேங்கிக் கிடந்த இடத்தில் டாக்டர் வண்டியை விட, அந்த மூக்கு காற்றோடு சேர்த்துத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டது. எஞ்சின் விக்கி நின்ற இடம் சரியாக மச்சான் ஸ்கூல் வாசல். அவன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் பட்டறையில் விட்டான். கட்டி இழுப்பது எப்படி என்று தன் மாணவர்களுக்கு அதையே ஒரு பாடமாகவும் நடத்தினான்.

குழாயை உயர்த்திக் கட்டினார்கள். மேட்டில் வண்டி நின்றது.

அடுத்து சைலன்சர். அகலமான குழாய் போட்டதும் வண்டி போட்ட கூச்சலில் தெருவே ஜன்னலைச் சாத்தியது. ஸ்கூல் அறையில் போனை எடுத்த மனைவி, சேர விரும்பிக் கேட்ட ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது வண்டி வாசலுக்கு வந்து சேர, அவர் தனக்கு லாரி ஓட்டும் எண்ணமில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். மாஸ்டர் சொல்வது டாக்டருக்குக் கேட்கவில்லை. அதனால் மாஸ்டர் கத்தினார். கத்தக் கத்த அவருக்குக் காதுமடல் சிவந்தது, தொண்டை கட்டியது. வண்டி முன்பைவிடச் சீக்கிரமாக நின்றது.

"உடம்பை இளைக்க வை," என்றார் மெக்கானிக்கிடம், மிச்சமிருந்த குரலில்.

பின்சீட்டு கழன்று வீட்டுக் கூடத்தில் சோபாவானது. ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் விரித்திருந்த பாய் எல்லாம் இறங்கின. ஏசி பெல்ட்டைக் கழற்றினால் எஞ்சினுக்குப் பாரம் குறையும் என்று மெக்கானிக் சொன்னான், கழற்றியாகிவிட்டது. கூரைமேலிருந்த ஸ்கூல் போர்டு காற்றைத் தடுக்கிறது என்று மாஸ்டருக்கே தோன்றியது. அதுவும் போனது.

"இன்னும் எதையாவது இறக்க முடியுமான்னு பார்க்கிறேன்," என்றார் மனைவியிடம்.

அவள் பின்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே நீங்கதான் இறங்கணும்," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அன்று ராத்திரி அவர் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துகொண்டார்.

போர்டு இல்லாததால், மெதுவாகப் போகிற அந்த வண்டியில் கற்றுக்கொள்கிற ஆள் இருப்பது யாருக்கும் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரனடித்தார்கள், முந்திப் போனவர்கள் டாக்டரைப் பார்த்துக் கையை ஆட்டி ஏசினார்கள். ஏசி இல்லாமல் வேர்வை கண்ணில் இறங்கியது. கண்ணாடியைத் திறந்தால் சைலன்சர் சத்தம், மூடினால் அடுப்பு. போதாக்குறைக்கு டயர் பஞ்சரானது. மச்சான்தான் தன் ஸ்டெப்னியைக் கொண்டுவந்து மாட்டினான்.

"உங்க ஸ்டெப்னி எங்க அத்தான்?"

"வீட்டுல."

"வீட்டுல எதுக்கு?"

"பார்த்துக்கிட்டு இருக்கத்தான்," என்றார் மாஸ்டர்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மெக்கானிக் எஞ்சினின் கம்ப்யூட்டரிலும் கைவைத்தான். வைத்துவிட்டுத் தனியாக மேட்டில் ஓட்டிப் பார்த்தவன், முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். இதற்குமேல் வேண்டுமென்றால் றெக்கைதான் கட்ட வேண்டும் என்றான். மாஸ்டர் தானும் ஒரு முறை ஓட்டினார். வண்டி சீறிக்கொண்டு ஏறியது. ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார். உடனே டாக்டரை வரச்சொல்லி ஓட்டவைத்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி பாதி மேட்டில் நின்றது.

மாஸ்டர் திரும்பி, ஒல்லியான அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீங்கதான் கனம்."

டாக்டர் வாயைத் திறந்தார். ஏனோ மூடிக்கொண்டார்.

மறுநாள் டெஸ்ட் மைதானத்தில் கயிற்றுக்கு வெளியே மாஸ்டர் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், நடுவில் மனைவி. டெஸ்ட் எடுக்க வந்த ஆபீசரை மாஸ்டர் கண்ணாலேயே எடை போட்டார். ஆள் இரண்டு பேர் கனம் இருந்தார். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு பெல்ட், ஒரு பாய் என்று தான் பார்த்துப் பார்த்துக் குறைத்த பாரமெல்லாம் ஒரே ஆளாகத் திரும்பி ஏறிவிட்டதாக மாஸ்டருக்குத் தோன்றியது.

டாக்டர் மேட்டின் பாதியில் சொன்னபடி நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஆபீசர் கிளப்பச் சொல்லி விரலை ஆட்டினார். டாக்டர், மாஸ்டர் இத்தனை நாளும் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தபடியே, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுத் தரை வரைக்கும் மிதித்தார்.

வண்டி ஊளையிட்டது. மேட்டை ஏறியது என்று சொல்வதைவிட மேட்டை விட்டுக் கிளம்பியது என்று சொல்லலாம். உச்சியில் நாலு சக்கரத்துக்கும் கீழே வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் இறங்கி, வரிசையாக வைத்திருந்த கூம்புகளை வாரிக்கொண்டு, மணல் மூட்டைகளில் போய் முட்டி நின்றது. ஆபீசரின் காகிதங்கள் மைதானம் முழுக்கப் பறந்தன.

யாருக்கும் அடியில்லை. ஆபீசர் கதவைப் பிடித்துக்கொண்டே இறங்கி, கொஞ்ச நேரம் தரையில் நின்று பார்த்தார், அது அசைகிறதா என்று. பிறகு தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் போனார்.

"போர்டைக் கழட்டுற வேலை மிச்சம் அத்தான்," என்றான் மச்சான். "நாளைக்குக் காலையில வந்துருங்க."

மாஸ்டர் கயிற்றைத் தாண்டி டாக்டரிடம் போனார். இத்தனை நாள் கோபமும் ஒன்றாகத் திரண்டு வாய் வாசலில் வந்து நின்றது. தன் பிழைப்பே போயிற்று என்றார். எஞ்சினைக் கெஞ்சி, மெக்கானிக்கைக் கெஞ்சி இழுவை ஏற்றினேனே, கடைசியில் பார்த்து மிதிக்கத் தெரியவில்லையே என்றார். இனி சொல்லிக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை, வாயைத் திறந்து ஒரு பதிலாவது சொல்லுங்கள் என்றார்.

டாக்டர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தினமும் நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம், நீங்க கத்திக்கிட்டே உங்க காலடியில இருக்கிற இன்னொரு பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கிட்டு இருப்பீங்களே மாஸ்டர், இன்னிக்கு இந்த ஆபீசர் அதை மிதிக்க மறந்துட்டாரு."