தற்காலிகக் கணவர்

மருத்துவ உலகம் கள்ளக்குறிச்சியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. முகாம் நடத்திய குழுவின் செயலாளர் என்கிற பொறுப்போடு சொல்கிறேன். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்த எண்பத்தேழாம் வருடம், தலைவரின் கல்யாண மண்டபத்திலேயே பெண்களுக்கு இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்தியவர்கள் நாங்கள்.

முகாமுக்கு ஒரே விதிதான்: பெண்கள் கணவரோடு வரவேண்டும். பார்ப்பவர் டாக்டரம்மாதான், பார்ப்பதும் திரைக்குப் பின்னால்தான். இருந்தாலும் ஒரு பெண்ணின் உடம்புக்குப் 'பொறுப்பாளர்' வேண்டாமா?

ஆனால் அன்றைக்குக் கணவன்மார் எல்லாம் உளுந்தூர்பேட்டைப் பக்கம் மறியலுக்குப் போய்விட்டார்கள். மனைவிமார் மட்டும் வந்து வரிசையில் நின்றார்கள். தலைவர் கந்தசாமி கண்ணை மூடி யோசித்தார். பிறகு டீ போட்டுக்கொண்டிருந்த மாயவனைக் கூப்பிட்டு, அன்று மாலைவரை அனைவருக்கும் 'தற்காலிகக் கணவராக' நியமித்தார். அதுவரை 'டேய்' என்று அழைக்கப்பட்ட மாயவன், அந்தக் கணத்திலிருந்து மாயவன் அவர்கள் ஆனார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்தார். ஒவ்வொரு பெண் உள்ளே போகும்போதும் சம்மதம் என்று தலையாட்டினார். பண்பாடு பிழைத்தது. டீதான் ஆறிப்போனது.

சிக்கல், மணமாகாதவர்களால் வந்தது. அடிவயிற்று வலியோடு கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த சாமியம்மாளுக்கு மாமன் மகனோடு பேச்சு முடிந்திருந்தது, தாலிதான் ஏறவில்லை. தை மாதம் கட்டிக்கொண்டு வரும்படி தலைவர் அன்போடு சொல்லி அனுப்பினார். மண்டப வாடகையைக் குறைத்துத் தருவதாகவும் வாக்களித்தார்.

அடுத்து வந்தவள் தியாகதுருகத்தில் துணி தைக்கும் மணிமொழி. நாற்பதைத் தாண்டியவள். இடது மார்பில் கட்டி. அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பூமாலை என்றொரு பெண்.

"இவங்க யாரு, அக்காவா தங்கச்சியா?" என்றார் தலைவர்.

"ரெண்டும் இல்லீங்க. ஒரே வூடு, ஒரே அடுப்பு. புருசன் பொண்டாட்டி எப்படியோ நாங்களும் அப்படித்தான். புருசனக் கூட்டியாரச் சொன்னீங்க, எனக்கு இவதான்," என்றாள் மணிமொழி.

மாயவன் அவர்கள் எழுந்து, இத்தனை பேருக்கு ஆனவன் இவருக்கும் ஆகிவிட்டுப் போகிறேனே என்று பெருந்தன்மையோடு முன்வந்தார். தலைவர் மறுத்துவிட்டார். தற்காலிகக் கணவர் என்பது நிரந்தரக் கணவர் உள்ளவர்களுக்கான சலுகை. கணவரே இல்லாதவளுக்கு ஒருவரைக் கொடுப்பது ஒழுக்கக்கேடு. ஒரு பெண்ணையே கணவராக ஏற்பதென்றால் அப்புறம் நாங்கள் எல்லாம் எதற்கு? நெடுநேரம் விவாதித்து, ஏகமனதாகத் திருப்பி அனுப்பினோம். உள்ளே டாக்டரம்மா சும்மாதான் உட்கார்ந்திருந்தார். இந்த அற்ப விஷயத்துக்காக அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

"கட்டி வளந்துகினே இருக்குதுங்க," என்றாள் பூமாலை. "கல்யாணம் ஆச்சா ஆவலையான்னு அது இன்னாத்தக் கண்டுது?"

விதியில் கட்டிக்கு இடமில்லை என்று அடுத்தவரைக் கூப்பிட்டோம்.

பூமாலை மணிமொழியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்குக் கிளம்பினாளாம். மறியல்காரர்கள் யாருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் கேட்டு, சைக்கிளைத் தூக்கி மரங்களுக்கு அந்தப் பக்கம் வைத்து, பஸ் ஓடுகிற இடம்வரை கூடவே போயிருக்கிறார்கள். கணவர் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒழுங்குமுறை தெரியாத ஆட்கள். பாண்டிச்சேரியில் மார்பை எடுத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள்.

ஆண்டுவிழாவில் தலைவர் முழங்கினார்: முகாமில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படவில்லை, கள்ளக்குறிச்சி புற்றுநோய் இல்லாத ஊர். கைதட்டல் ஓய்ந்ததும் மணிமொழி எழுந்தாள்.

"எனக்கு இருந்துச்சுங்களே."

தலைவர் பொறுமையாக விளக்கினார். "அது பாண்டிச்சேரில கண்டுபுடிச்சதும்மா. அந்த ஊருக் கணக்குல சேந்துரும்."

தலைவர் சொன்னது சத்தியம். அதற்கு நானே சாட்சி. அந்த மண்டபத்தில் நோயைக் கண்டுபிடிக்க டாக்டரம்மா ஒருவர்தான் இருந்தார். கண்டுபிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள, குழு முழுவதும் வாசலிலேயே நின்றது.