வாரண்ட் சார் கைதான கதை

திருப்பதியில் அதிகம் பேரைக் கைது செய்தவர் எந்தப் போலீஸ்காரரும் இல்லை; எங்கள் வாரண்ட் சார்தான். சட்டக் கல்லூரியில் எங்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடத்தியவர். என்னை மட்டுமே ஒன்பது தடவை கைது செய்திருக்கிறார்.

அவர் பாடம் நடத்தும் விதம் அப்படி. பெஞ்சில் தூங்குகிறவன் தோளில் சத்தமில்லாமல் கை வைப்பார். அவன் உடனே எழுந்து காரணம் கேட்க வேண்டும், வக்கீல் கேட்க வேண்டும். பயந்து நின்றால் வகுப்பு முடியும்வரை கரும்பலகை ஓரத்தில் லாக்கப். கேன்டீனில் இட்லியும் கையுமாக இருந்தவனைக்கூட விட்டதில்லை. ஒருநாள் ஆள் தெரியாமல், கல்லூரியைப் பார்வையிட வந்த அதிகாரியின் தோளில் கை வைத்துவிட்டார். அந்த மனிதர் பதறிப்போய் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

சாருக்குச் சொந்த ஊர் சித்தூர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். நான் வரதய்யபாளையத்துக்காரன், ஹாஸ்டல்வாசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போனபோது, ஆசிரியர் அறையில் சார் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் யாரை என்ன குற்றத்துக்குக் கைது செய்வது என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதிக்கொண்டிருந்தார்.

"சம்சாரம் போனதிலேர்ந்து, சர்ச் முடிஞ்சா வூட்டுல பேச்சுக்கு ஆள் இல்லப்பா. இங்க வந்தா உங்க பேருங்களையாவது எழுதிகினு இருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் எங்கள் வகுப்பு முனிகிருஷ்ணாவை, வண்டிக்குப் பேப்பர் இல்லை என்று ஒரு ஸ்டேஷனில் காலையிலிருந்து உட்கார வைத்துவிட்டார்கள். சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எஸ்.ஐ.யிடம் மரியாதையாகத்தான் கேட்டார். இது கைதா இல்லையா? கைதென்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் பையனை அனுப்புங்கள். எஸ்.ஐ. தெலுங்கில் போகச் சொன்னார். சார் போகவில்லை. மூன்றாம் தடவை கேட்டதும், வேலைக்கு இடைஞ்சல் என்று சொல்லி, எஸ்.ஐ. சாரையே கைது செய்யச் சொல்லிவிட்டார்.

சார் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். காரணம் கேட்டார், வக்கீல் கேட்டார். ஏட்டு எழுதிய கைதுக் குறிப்பை வாங்கி, சிவப்புப் பேனாவால் ஆறு பிழை திருத்தினார். நேரம் போடவில்லை, சாட்சி கையெழுத்து இல்லை, அவர் பெயரே தப்பு. ஏட்டு நல்ல மாணவன் மாதிரி எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் என்ன உறவு என்று எழுதும் இடம் வந்தது. சாரின் பேனா நின்றுவிட்டது.

"யாராவது ஒருத்தர் பேர் சொல்லுங்க சார்" என்றார் ஏட்டு, தமிழிலேயே.

"அப்படி யாரும் இல்லப்பா."

நான் பேனாவை வாங்கி என் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். உறவு என்ற இடத்தில், தெலுங்கில், மகன் என்று போட்டேன். சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

அத்தனை சிவப்பைப் பார்த்து எஸ்.ஐ.க்கு உறைத்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் முனிகிருஷ்ணாவையும் சாரையும் கேஸ் எதுவும் போடாமல் அனுப்பிவிட்டார். ஏட்டு கிழிக்கப் போன அந்தத் தாளை சார் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆறு பிழை திருத்திய மனிதர், ஏழாவதை மட்டும் திருத்தவே இல்லை.